1969 கமாரோவில் எல்.எஸ்.3 எஞ்சின்: பெட்ரோல் லைன் மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது ஒரே ஒரு வேலையைப் பற்றி. 1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை செவர்லே கமாரோவில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ்.3 எஞ்சினை ஏற்றி, கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெடரையும் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள்) மாற்றி, 500 குதிரைத்திறன் அளவுக்குக் கொண்டுபோகிறவர்கள் டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அது. அமெரிக்காவில் பழைய கார்களுக்கு அதிகம் நடக்கிற எஞ்சின் மாற்றங்களில் இது ஒன்று. மஸ்டாங், நோவா, செவெல் என்று வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். குழாய் போகும் வழி மட்டும் மாறும்.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், பெட்ரோல் லைனைக் கடைசி வாரத்தில் அவசரமாக முடிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால்தான் பதில்கள் சில இடங்களில் நீளமாக இருக்கும்.

கம்பெனியில் வந்த லைன் ஒழுகாமல் நன்றாகத்தானே இருக்கிறது? ஏன் மாற்ற வேண்டும்?

அது வேறு வேலைக்காகப் போட்ட லைன். 1969 கமாரோவின் வேக வகையான எஸ்.எஸ். வண்டியில் வந்த 350 கன அங்குல எஞ்சினுக்கு 300 குதிரைத்திறன் என்று கணக்குச் சொன்னார்கள். அதுவும் ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் அளந்த அந்தக் காலத்து மொத்தக் கணக்கு. எஞ்சினில் கேம் ஓட்டத்தில் இயங்கும் சின்ன மெக்கானிக்கல் பம்ப், டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்து 5 முதல் 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் கார்பரேட்டருக்குக் கொடுத்தது. எல்.எஸ்.3-இல் அப்படி ஒரு பம்ப்பை மாட்ட இடமே கிடையாது. பெட்ரோலைத் தெளிக்கும் அதன் இன்ஜெக்டர்களுக்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும். எட்டு மடங்குக்கு மேல்.

ஐம்பது வருடத்துக்கு மேல் உப்பும் ஈரமும் பட்ட இரும்புக் குழாய், நடுவே சொருகி கிளாம்ப் போட்ட ரப்பர்த் துண்டுகள். 6 பி.எஸ்.ஐ.யில் இவற்றில் ஒரு பொட்டு ஓட்டை விழுந்தால் சொட்டும். 58-இல் அதே ஓட்டை பெட்ரோலைப் புகைபோல் பீய்ச்சி அடிக்கும், அதுவும் சூடான ஹெடருக்குப் பக்கத்தில். மாற்றச் சொல்வதற்குக் குதிரைத்திறனைவிட இதுதான் முதல் காரணம்.

500 குதிரைத்திறனுக்கு எவ்வளவு பெட்ரோல் தேவைப்படும்?

டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு அரை பவுண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 500-க்கு 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ. பெட்ரோலின் அடர்த்தியை லிட்டருக்கு 0.74 கிலோ என்று வைத்தால் மணிக்கு 153 லிட்டர் வருகிறது. முழு ஆக்சிலரேட்டரில், முழு சுமையில் மட்டும்தான் இந்த அளவு. ஆனால் லைனை அந்தச் சில விநாடிகளுக்காகத்தான் போடுகிறோம்.

இதன் மேல் இருபது சதவீதம் கையிருப்பு வையுங்கள். 185 லிட்டர் ஆகிறது. சந்தையில் கிடைக்கும் 255 லிட்டர் பம்ப் இதற்குப் போதும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 58-ஐவிடக் குறைந்த அழுத்தத்தில் எடுத்தது. அழுத்தம் ஏற ஏற பம்ப் தரும் அளவு குறையும். பம்ப்போடு வரும் வரைபடத்தில் 58-க்கு நேராக, 13.5 வோல்ட் கோட்டில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்தான் உங்களுடைய எண்.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ போடுபவர்கள் அரைக்குப் பதில் 0.6-இலிருந்து 0.65 வரை வைத்துக் கணக்கிட வேண்டும்.

3/8 அங்குலக் குழாய் போதுமா, 1/2 அங்குலம் போட வேண்டுமா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. பம்ப்புக்குப் பிறகு வரும் லைனைப் பற்றிக் கேட்டால், 500 குதிரைத்திறனுக்கு 3/8 தாராளமாகப் போதும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 3/8 என்பது குழாயின் வெளிவிட்டம். சுவர்த் தடிமன் போக உள்ளே சுமார் 7.7 மி.மீ. இருக்கும். பம்ப்பின் மொத்த 255 லிட்டரும் அதன் வழியே ஓடினாலும் வேகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர்தான். நான்கு மீட்டர் நேர்க் குழாயில் அழுத்தம் இரண்டு பி.எஸ்.ஐ.க்கும் குறைவாகவே விழும். 58-இல் இரண்டு போவது பெரிய விஷயமில்லை. 5/16 போட்டால் அது ஏறத்தாழ நான்காகும். அதுகூட எஞ்சினை நிறுத்திவிடாது, ஆனால் ஒவ்வொரு வளைவும் ஃபிட்டிங்கும் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதனால் 3/8 போடுங்கள். 700 குதிரைத்திறனைத் தாண்டும் எண்ணம் இருந்தாலோ, இ85 (85 சதவீதம் வரை எத்தனால் கலந்த எரிபொருள்) ஊற்றப்போகிறீர்கள் என்றாலோ 1/2 அங்குலத்துக்குப் போகலாம். மற்றவர்கள் தடிமனான குழாயை வளைத்துச் சட்டத்துக்குள் நுழைக்கப் படும் பாட்டுக்குப் பலன் கிடையாது.

பம்ப்புக்கு முன்னால் உள்ள லைன் வேறு கதை. அடுத்த பதில் அதைப் பற்றித்தான்.

பம்ப்பை டேங்க்குக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

முடிந்தவரை உள்ளே. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: எலக்ட்ரிக் பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் அதற்குச் சாமர்த்தியம் போதாது. எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று வரும் வண்டிகளில் பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே தேடுவார்கள். கோளாறு பெரும்பாலும் பம்ப்புக்கும் டேங்க்குக்கும் நடுவே இருக்கும்.

காரணம் எளிது. தள்ளும் பக்கத்தில் அழுத்தம் 58. அதில் இரண்டு குறைந்தால் 56. உறிஞ்சும் பக்கத்தில் பெட்ரோலைப் பம்ப்புக்குள் அனுப்ப இருப்பதெல்லாம் வெளிக்காற்றின் அழுத்தமும், டேங்க்கில் மேலே நிற்கும் பெட்ரோலின் எடையும் மட்டும்தான். அந்தப் பக்கத்தில் இரண்டு குறைந்தால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிக்கத் தொடங்கலாம். கோடை வெயிலில், சூடான பெட்ரோலில் இன்னும் சீக்கிரம். குமிழியை இழுத்த பம்ப் அலறும், அழுத்தம் ஆடும், பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி என்பதால் பம்ப்பும் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.

டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கி நிற்கும் பம்ப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. சத்தமும் குறைவு. வெளியேதான் வைக்க வேண்டும் என்ற நிலை வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பம்ப் டேங்க்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இருக்கட்டும். டேங்க்குக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வையுங்கள். உறிஞ்சும் குழாய் 1/2 அல்லது 5/8 அங்குலமாக, வளைவில்லாமல் இருக்கட்டும். பழைய மெக்கானிக்கல் பம்ப் இருந்த இடமாயிற்றே என்று எலக்ட்ரிக் பம்ப்பை எஞ்சின் பக்கம் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு மீட்டர் உறிஞ்ச வேண்டிய இடத்தில் எந்த விலையுயர்ந்த பம்ப்பும் நிற்காது.

டேங்க்கையும் மாற்ற வேண்டுமா?

பழைய டேங்க்கின் உள்ளே தடுப்பு எதுவும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டர் வண்டியில் அது பரவாயில்லை, கார்பரேட்டரின் கிண்ணத்திலேயே கொஞ்சம் பெட்ரோல் கையிருப்பாக நிற்கும். இன்ஜெக்ஷனில் அந்தக் கிண்ணம் இல்லை. வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் அரை விநாடி காற்றை இழுத்தாலே எஞ்சின் திணறும்.

முதல் தலைமுறை கமாரோவுக்கென்றே, பம்ப்பும் அதைச் சுற்றித் தொட்டிபோன்ற தடுப்பும் வைத்த புது டேங்க்குகள் கிடைக்கின்றன. கம்பெனி டேங்க் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். பழைய டேங்க்கில் ஓட்டை போட்டுப் பம்ப் இறக்கும் கிட்டுகளும் உண்டு. செலவு குறைவு, ஆனால் உள்ளே துரு இருந்தால் வேண்டாம். காலி டேங்க்கை வெட்டவோ வெல்டிங் வைக்கவோ நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

டேங்க்குக்குக் காற்று வரும் வழியையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, மேலே சொன்ன உறிஞ்சும் தொல்லை புது டேங்க்கிலும் வரும்.

ரிட்டர்ன் லைன் கட்டாயமா? பழைய ரிட்டர்ன் குழாயையே பயன்படுத்தலாமா?

சாதாரண பம்ப், அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் சாதாரண ரெகுலேட்டர் என்றால் ரிட்டர்ன் வேண்டும். பம்ப் எப்போதும் ஒரே அளவு தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சின் ஐடிலில் அதில் சொற்பம்தான் குடிக்கும். மீதி எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். அப்படிச் சுற்றிவரும் பெட்ரோல் லைனையும் குளிர்ச்சியாக வைக்கும்.

பழைய ரிட்டர்ன் குழாய் 1/4 அங்குலமாக இருந்தால் இதற்குப் போதாது. 255 லிட்டரை நான்கு மீட்டர் நீளமுள்ள 1/4 அங்குலக் குழாயில் திருப்பி அனுப்பினால், கணக்குப்படி ஏறத்தாழ 15 பி.எஸ்.ஐ. எதிர்அழுத்தம் நிற்கும். ரெகுலேட்டரைத் திருகியும் அழுத்தம் இறங்கவில்லை, ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் ரிட்டர்ன் குழாயைப் பார்க்கலாம். குறைந்தது 5/16, முடிந்தால் 3/8.

கார்வெட் ஃபில்டரைப் போட்டால் ரிட்டர்ன் லைன் மிச்சம் என்கிறார்களே?

சரிதான். நல்ல வழியும்கூட. 1999 முதல் 2003 வரையிலான செவர்லே கார்வெட் காரில் வந்த ஃபில்டருக்குள்ளேயே 58 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டர் இருக்கிறது. டேங்க் பக்கம் இரண்டு முனை: 3/8 உள்ளே வருவதற்கு, 5/16 திரும்பிப் போவதற்கு. எஞ்சின் பக்கம் ஒரே ஒரு 3/8 முனை. ஃபில்டரை டேங்க்குக்கு அருகில் மாட்டினால் ரிட்டர்ன் குழாய் ஓரடியில் முடிந்துவிடும். முன்பக்கம் ஒரே லைன் போனால் போதும், எஞ்சின் குடிக்கும் அளவு மட்டும் அதில் ஓடுவதால் அழுத்த இழப்பும் குறைவு.

இந்த ரெகுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்டோடு (எஞ்சினுக்குள் காற்று போகும் பாதை) இணைப்புக் குழாய் இல்லை, அழுத்தம் எப்போதும் 58-ஆகவே நிற்கும். எல்.எஸ்.3-இன் கம்பெனி கம்ப்யூட்டர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். டர்போ போடுபவர்களுக்கு இது ஆகாது. பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது கூடவே பெட்ரோல் அழுத்தமும் ஏற வேண்டும், அதற்குத் தனி ரெகுலேட்டரும் முழு நீள ரிட்டர்னும் வேண்டும்.

இரும்பு, ஸ்டெயின்லெஸ், அலுமினியம், செம்பு: எதில் குழாய் போடுவது?

செம்பு மட்டும் வேண்டாம். வளைக்கச் சுலபம், எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதால் கை அதற்குத்தான் போகும். அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். அதோடு பெட்ரோலைச் சீக்கிரம் கெட வைத்துப் பிசினாக்கும் குணமும் அதற்கு உண்டு.

செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வேறு. அது துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம், ஃபிளேர் (குழாய் முனையைப் புனல்போல் விரிப்பது) அழகாக வரும். முதல் தடவை செய்பவருக்கு அதையே சொல்வேன். ஸ்டெயின்லெஸ் நீண்ட காலம் நிற்கும், ஆனால் நல்ல பெண்டரும் நல்ல ஃபிளேர் கருவியும் இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியம் இலேசானது; கல் பட்டால் நசுங்கும், அதிர்வில் சோர்ந்துபோகும். ஓட்டப்பந்தய வண்டியில் அடிக்கடி பார்த்து மாற்றுவார்கள், தெருவில் ஓடும் வண்டிக்கு அது சரிவராது.

ஹோஸ் மேல் எழுதியிருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்? எதை வாங்குவது?

ஹோஸின் முதுகில் அச்சிட்டிருப்பதை வாசிக்காமல் வாங்கவே கூடாது. எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கத்தின் தர எண்) ஜே30ஆர்7 என்றிருந்தால் கார்பரேட்டர் வண்டிக்கானது, 50 பி.எஸ்.ஐ. வரைதான். ஜே30ஆர்9 இன்ஜெக்ஷனுக்கானது, 100 பி.எஸ்.ஐ. தாங்கும், உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர். ஜே30ஆர்10 டேங்க்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்காகவே செய்தது.

கடைசி வகையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஒரு கமாரோவில் அழுத்தம் 40-க்கு விழுந்துகொண்டிருந்தது. பம்ப் புதுசு, ஃபில்டர் புதுசு. டேங்க்கை இறக்கிப் பம்ப்பை வெளியே எடுத்தபோது, பம்ப்புக்கும் மூடியிலிருந்து வரும் குழாய்க்கும் நடுவே இருந்த நாலு அங்குல ஹோஸ் கையில் ஊறிய அப்பளம்போல் தொய்ந்தது. வெளித்தோல் உப்பி, கிளாம்ப் பதிந்த இடத்தில் நகம் பட்டாலே பிய்ந்துவந்தது. கிளாம்ப்புக்கு அருகே மெல்லிய வெடிப்பு. வெளியே ஒழுகாததால் தெரியவில்லை, அதன் வழியே அழுத்தம் டேங்க்குக்குள்ளேயே கசிந்திருக்கிறது. துடைத்துப் பார்த்தால் ஆர்9 என்ற எழுத்து இன்னும் தெரிந்தது. அந்த ஹோஸின் உள்ளே பெட்ரோல் ஓடலாம். வெளியேயும் பெட்ரோல் நின்றால் அதன் மேல்தோல் தாங்காது. ஆர்10 ஹோஸ் விலை அதிகம், ஆனால் தேவைப்படுவது நாலு அங்குலம்தான்.

கம்பி பின்னிய ஹோஸ் எல்லாம் ஒன்றுதானா?

வெளியே பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும், உள்ளே இரண்டு வகை. ஒன்று ரப்பர் உள்சுவர் கொண்டது, இன்னொன்று டெஃப்லான். ரப்பர் வகையில் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆவி சுவர் வழியே மெதுவாகக் கசியும். ஒழுகல் எதுவும் இல்லாமலே ஷெட் முழுக்க வாசனை அடிக்கும், சில வருடத்தில் உள்சுவர் இறுகி உதிரும். கம்பி பின்னலுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

டெஃப்லான் வாங்குங்கள், அதிலும் கரி கலந்த, மின்சாரம் கடத்தும் உள்சுவர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். வேகமாக ஓடும் பெட்ரோல் வெள்ளை டெஃப்லானில் நிலைமின்சாரத்தைச் சேர்க்கும், அது பொறியாகப் பாய்ந்து சுவரில் ஊசித்துளை போடலாம். கருப்பு உள்சுவர் அதைத் தரைக்குக் கடத்திவிடும். டெஃப்லான் ஹோஸுக்குத் தனி ஃபிட்டிங், உள்ளே ஒரு சின்ன வளையத்தோடு வரும். ரப்பர் ஹோஸின் ஃபிட்டிங்கை இதில் மாட்டினால் ஒருநாள் கழன்று வரும்.

அப்புறம் ஒன்று. கம்பி பின்னல் அரம் மாதிரி. ஒயரிலோ பிரேக் குழாயிலோ உரசவிட்டால் சில மாதத்தில் அறுத்துவிடும்.

ஏ.என். 6, ஏ.என். 8 என்பவை என்ன? வீட்டில் இருக்கும் ஃபிளேர் கருவி போதாதா?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த அளவு இது. எண்ணை 16-ஆல் வகுத்தால் குழாயின் வெளிவிட்டம் அங்குலத்தில் கிடைக்கும். 6 என்றால் 3/8, 8 என்றால் 1/2, 10 என்றால் 5/8.

ஏ.என். ஃபிளேரின் கோணம் 37 டிகிரி. சாதாரண கார் குழாய்களுக்கான ஃபிளேர் 45 டிகிரி. இரண்டையும் சேர்த்து முறுக்கினால் மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும், சூடேறிக் குளிர்ந்ததும் ஒழுகும். 37 டிகிரி கருவியைத் தனியாக வாங்குங்கள். ஃபிளேர் போடுவதற்கு முன் நட்டையும் ஸ்லீவையும் குழாயில் ஏற்றிவிட்டோமா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஃபிட்டிங்குக்கு டெஃப்லான் டேப் வேண்டியதில்லை. உலோகம் உலோகத்தோடு உட்கார்ந்துதான் அடைக்கிறது, டேப் பிய்ந்து இன்ஜெக்டருக்குத்தான் போகும்.

எல்.எஸ்.3-இன் ஃப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) இருப்பது 3/8 அங்குல விரைவு இணைப்பு. அதை ஏ.என்.னுக்கு மாற்றும் துண்டு கிடைக்கும். பிளாஸ்டிக் கிளிப்போடு வருவதைவிடத் திருகி இறுக்கும் மூடியோடு வருவதை வாங்குங்கள். மாட்டியதும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

திருகி இறுக்கும் சாதாரண புழு கிளாம்ப் போடலாமா?

58 பி.எஸ்.ஐ.யில் கூடாது. பட்டையில் துளைகள் உள்ள கிளாம்ப் ரப்பரைத் துளைக்குள் பிதுக்கி அறுத்துவிடும். ஓரம் மடித்த, சுற்றிலும் சமமாக இறுக்கும் இன்ஜெக்ஷன் கிளாம்ப் இருக்கிறது. குழாய் முனையிலும் சின்ன மேடு எடுத்திருக்க வேண்டும். வழவழப்பான குழாயில் ஹோஸைச் சொருகி எந்தக் கிளாம்ப் போட்டாலும் நம்ப முடியாது.

லைனை எந்த வழியாகக் கொண்டுபோவது?

கம்பெனி லைன் வண்டியின் வலப்பக்கம் ஓடி முன்னால் வருகிறது, பழைய பம்ப் அந்தப் பக்கம் இருந்ததால். அதே வழி பெரும்பாலும் நல்ல வழி. ஹெடர் குழாய்கள் எந்தப் பக்கம் நெருக்கமாக இறங்குகின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எக்ஸாஸ்ட்டிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும், முடியாத இடத்தில் வெப்பத் தகடு வையுங்கள். வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த பொருளாக லைன் இருக்கக் கூடாது. ஒன்றரை அடிக்கு ஒரு ரப்பர் உறையிட்ட கிளிப் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் தன் மவுண்ட்டில் ஆடும், சட்டம் ஆடாது. அதனால் இரண்டுக்கும் நடுவே வளையும் ஹோஸ் கட்டாயம். மற்ற இடமெல்லாம் உலோகக் குழாய் இருக்கட்டும்.

டிராக் ரேஸுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி, முன்னிருந்து பின்வரை உலோகமல்லாத ஹோஸ் மொத்தம் 12 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஃப்ளைவீல் பகுதியைக் கடக்கும் லைனை 1/8 அங்குலத் தடிமனுள்ள 16 அங்குல இரும்புக் குழாய்க்குள் விட வேண்டும், கம்பி பின்னிய ஹோஸுக்கு விலக்கு உண்டு. கிளட்ச் வெடித்தால் துண்டுகள் அந்த இடத்தில்தான் பறக்கும். ரேஸுக்குப் போகாதவர்களும் பெல்ஹவுஸிங் (ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் மூடியிருக்கும் உறை) பக்கத்தில் லைனை விடாமலிருப்பது நல்லது.

ஃபில்டர் எத்தனை வேண்டும்?

இரண்டு. பம்ப்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான். இடம் மாற்றி மாட்டிவிடாதீர்கள். நுண்ணிய ஃபில்டரைப் பம்ப்புக்கு முன்னால் வைத்தால் அது உறிஞ்ச முடியாமல் தவிக்கும். டேங்க்குக்குள் பம்ப் என்றால் அதன் அடியில் இருக்கும் வலைப்பையே முதல் ஃபில்டர்.

ஒயரிங்கையும் மாற்ற வேண்டுமா?

கட்டாயம். பெட்ரோல் போதவில்லை என்று வரும் வண்டிகளில் இரண்டாவது இடத்தில் தேட வேண்டியது இங்கேதான். பம்ப் 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். 1969-இன் மெல்லிய ஒயரிலிருந்து கிளை எடுத்தால் பம்ப்புக்கு வந்துசேரும் வோல்ட் குறைந்துபோகும், ஓட்டமும் கூடவே குறையும். பேட்டரியிலிருந்து 10 கேஜ் ஒயர், ஃபியூஸ், பின்பக்கம் ஒரு ரிலே, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் நல்ல எர்த். எஞ்சின் ஓடும்போது பம்ப்பின் முனையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள், பேட்டரியில் காட்டுவதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது.

ரிலேயை எஞ்சின் கம்ப்யூட்டர் இயக்கட்டும். சாவி போட்டதும் இரண்டு விநாடி ஓடி நிற்கும், எஞ்சின் சுற்றினால்தான் தொடரும். மோதலில் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் அதிர்வு ஸ்விட்ச்சும் சேர்த்துவிடுங்கள். சாவியோடு நேரடியாகக் கட்டிய பம்ப், எஞ்சின் நின்ற பிறகும் அறுந்த லைனில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

இ85 ஊற்ற ஆசை. என்ன மாறும்?

எல்லாம் சுமார் 30 சதவீதம் பெருகும். பம்ப், இன்ஜெக்டர், லைன் மூன்றையும் அந்தக் கணக்கில் எடுங்கள். காகித ஃபில்டரை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் வலை அல்லது கண்ணாடி இழை ஃபில்டர் போடுங்கள். ஹோஸ் டெஃப்லான்தான். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் என்றால் இ85 வேண்டாம் என்பது என் கருத்து, எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

நம் ஊர் அம்பாசிடர், பத்மினி, கான்டெஸாவுக்கு இதெல்லாம் தேவையா?

குதிரைத்திறனுக்காகத் தேவையில்லை. கார்பரேட்டரோடு ஓடும் வண்டிக்குக் கம்பெனி அளவே போதும். ஆனால் இந்தியாவில் இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்ப்பின் டயாஃப்ரமும் அதற்காகச் செய்தவை அல்ல. ஹோஸை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுவென்று இருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். அதிகச் செலவில்லை. வேறு எஞ்சினே ஏற்றுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

குழாய் வெட்டிய தூள் உள்ளே இருக்கும். ரெயிலோடு இணைப்பதற்கு முன் லைனைக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ரெயிலோடு இணைத்து, பேட்டரி எர்த்தைக் கடைசியாக மாட்டி, சாவியை மட்டும் நாலைந்து தடவை போட்டு எடுங்கள். எஞ்சினைச் சுற்ற வேண்டாம். ஒருவர் சாவியிடம், இன்னொருவர் தீயணைப்பானோடு வண்டிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் துடையுங்கள், ஈரம் உடனே தெரியும். அடியில் பார்க்க எல்.இ.டி. விளக்கு மட்டும், சூடான குண்டு பல்பில் ஒரு சொட்டுப் பெட்ரோல் விழுந்தால் பல்ப் உடைந்து அங்கேயே தீப்பிடிக்கும்.

பிறகு ஓட்ட அளவு. ரிட்டர்ன் குழாயை ஒரு கேனில் விட்டு, பம்ப்பை 30 விநாடி ஓடவிட்டு அளந்து பாருங்கள். 58 பி.எஸ்.ஐ.யில் ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தால் 500 குதிரைத்திறனுக்குத் தேவையானதும், கொஞ்சம் கையிருப்பும் வருகிறது. திறந்த வெளியில் செய்யுங்கள், கேன் தரையில் இருக்கட்டும்.

ஓடும்போது போதுமான பெட்ரோல் வருகிறதா என்று எப்படித் தெரியும்?

அழுத்த மீட்டரை வெளிப்பக்கம் முன்கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டி, மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டரில் உச்சச் சுழற்சி வரை போய்ப் பாருங்கள், அதுவும் மூடிய தடத்தில். மீட்டரை ஒருபோதும் காருக்குள் கொண்டுவராதீர்கள், பெட்ரோல் குழாயும் கூடவே உள்ளே வரும். முள் 58-இல் அசையாமல் நின்றால் சரி. ஐந்து இறங்கினால் காலை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் குறைந்த கலவையில் முழு சுமை கொடுத்தால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் சில விநாடியில் உருகும். கால் டேங்க்கில் ஒரு தடவை, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு தடவை என்று மறுபடியும் பாருங்கள். குளிர்ந்த வண்டியில், நிறைந்த டேங்க்கில் எல்லா லைனும் நன்றாகவே வேலை செய்யும்.

ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசனை வருகிறது. தரையில் சொட்டு எதுவும் இல்லை. ஓட்டலாமா?

வேண்டாம். கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், விளக்கு ஸ்விட்ச்சைத் தொடாதீர்கள். வாசனை போனபின் பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டுத் தேடுங்கள். முதலில் டேங்க் மூடியின் ரப்பர், பம்ப் தட்டின் கேஸ்கட், காற்றுக் குழாய். அடுத்து விரைவு இணைப்பு. எல்லாம் உலர்ந்திருந்தால் ரப்பர் ஹோஸின் மேல் ஒரு துணியை இறுகச் சுற்றி அரைமணி விட்டு, எடுத்து முகர்ந்து பாருங்கள். துணியில் வாசனை இருந்தால் ஆவி சுவர் வழியாகவே வருகிறது. அந்த ஹோஸை மாற்றிவிட்டு வண்டியை எடுங்கள்.